காற்றில் வந்த 30 கிலோவாட்: கோல்ட்ஸ்டோன் 1975, ஒரு நிகழ்வு ஆய்வு

மொபைல் டவர், வைஃபை, டிவி, ரேடியோ என்று நம்மைச் சுற்றி இவ்வளவு அலை ஓடிக்கொண்டிருக்கிறதே, அதைப் பிடித்து கரண்டாக மாற்ற முடியாதா என்று ஒருமுறையாவது யோசிக்காத எலெக்ட்ரானிக்ஸ் மாணவர் இருக்க மாட்டார். முடியும். 1975-லேயே கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு இடையில் ஒரு கம்பிகூட இல்லாமல், 30 கிலோவாட்டுக்கு மேல் டிசி கரண்ட் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) எடுத்துக் காட்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் இன்றுவரை நம் வீட்டு பல்பு எதுவும் காற்றிலிருந்து எரியவில்லை. இந்த இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன என்பதுதான் இங்கே விஷயம். கோல்ட்ஸ்டோன் என்ற இடத்தில் நடந்த அந்தச் சோதனையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அதற்கான பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது. செம்புக் கம்பியைச் சுற்றி, ஒரு காந்தத்தை ஒட்டி, "இலவச மின்சாரம்" என்று பல்பு எரியவைக்கும் வீடியோக்களைப் பார்த்து கைக்காசைச் செலவழித்து ஏமாறுகிற பிள்ளைகள் நிறைய. அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பிரவுன் பிடித்த வழி

வில்லியம் சி. பிரவுன் (1916–1999) அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் என்ஜினீயர். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக மேக்னட்ரான் என்ற, மைக்ரோவேவ் உண்டாக்கும் குழாய்களை மலைபோல் உற்பத்தி செய்த நிறுவனம் அது, மைக்ரோவேவ் அடுப்பு பிறந்ததும் அங்கேதான். பிரவுன் 1950-களில் ஆம்ப்ளிட்ரான் என்ற பெரிய சக்திக் குழாயை உருவாக்கியவர். கையில் இவ்வளவு மைக்ரோவேவ் சக்தி இருக்கிறதென்றால், அதைச் செய்தி அனுப்ப மட்டும் ஏன் பயன்படுத்த வேண்டும், சக்தியையே அனுப்பினால் என்ன என்பது அவருக்கு வந்த எண்ணம். அனுப்புகிற பக்கம் பிரச்சினை இல்லை. வாங்குகிற பக்கம்தான் சிக்கல். ஒரு பெரிய டிஷ்ஷில் அலையைக் குவித்து ஒரே இடத்தில் கொட்டினால், அங்கே அதை டிசியாக மாற்ற அந்த அளவு சக்தியைத் தாங்கும் கருவி வேண்டும், அப்படி ஒன்று சரியாக அமையவில்லை. வெற்றிடக் குழாய் டையோடுகளை (டையோடு என்பது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் கருவி) வைத்துச் செய்து பார்த்தார்கள், வேலை செய்தது, ஆனால் திறன் போதவில்லை.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ராஸ்கோ ஜார்ஜ் என்பவர் சின்னச் சின்ன செமிகண்டக்டர் டையோடுகளைக் கூட்டாகச் சேர்த்து மைக்ரோவேவை டிசியாக மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டையோடும் கொஞ்சம்தான் தாங்கும். அப்படியென்றால் அலையைக் குவிப்பானேன், பரந்து வருகிற இடத்திலேயே ஆயிரக்கணக்கான சின்ன ஆன்டெனாக்களை விரித்து வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் டையோடை மாட்டி, அங்கங்கேயே டிசியாக மாற்றிவிட்டு, கடைசியில் எல்லா டிசியையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் போதுமே என்று பிரவுன் திருப்பிப் போட்டார். அதுதான் ரெக்டென்னா.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. பெரிய டிஷ் என்றால் அதை அனுப்புகிற பக்கம் நோக்கி மயிரிழை பிசகாமல் திருப்பி வைக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் பிடிப்பு போய்விடும். ரெக்டென்னாவில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு சின்ன ஆன்டெனாவும் தனித்தனியாக வாங்கி டிசியாக்கிவிடுவதால், ஒன்றுக்கு அலை சற்று முன்னாலும் மற்றொன்றுக்குச் சற்றுப் பின்னாலும் வந்து சேர்ந்தாலும் பாதகமில்லை. ஏசி அலைகளைக் கூட்டினால்தான் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், டிசியைக் கூட்டினால் கூடிக்கொண்டே போகும். பரப்பு எவ்வளவு பெரிதானாலும் கொஞ்சம் சாய்ந்து நிற்கலாம், ஆடலாம். பறக்கிற ஒரு பொருளில் ஆன்டெனாவை மாட்ட நினைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரவுன் நினைத்ததும் அதைத்தான். 1964 அக்டோபர் 28 அன்று பத்திரிகையாளர்களை வரவழைத்து, மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார். அதில் எரிபொருள் இல்லை, பேட்டரி இல்லை. கீழேயிருந்து மேல்நோக்கி 2.45 ஜிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கற்றை, ஹெலிகாப்டரின் அடியில் சுமார் இரண்டடிக்கு இரண்டடி ரெக்டென்னா, அதில் 4,480 டையோடுகள். அதிகபட்சம் 270 வாட் கிடைத்தது. பக்கவாட்டில் விலகிப் போகாமலிருக்க வழிகாட்டிக் கம்பிகள் இருந்தன, அவற்றின் வழியாகக் கரண்ட் எதுவும் போகவில்லை. அடுத்த மாதமே பத்து மணி நேரம் தொடர்ந்து பறக்கவிட்டுக் காட்டினார்கள்.

சரி, அந்த 4,480 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

பாலைவனத்தில் நடந்தது

கோல்ட்ஸ்டோன் என்பது நாசாவின் தொலைதூர விண்வெளித் தொடர்பு நிலையம். அங்கே வீனஸ் தளம் என்று ஒரு பகுதி உண்டு, அதில் 26 மீட்டர் விட்டமுள்ள டிஷ். புதிய கருவிகளைச் சோதித்துப் பார்க்கிற இடம் என்பதால் பெரிய சக்தி டிரான்ஸ்மிட்டர் ஏற்கெனவே இருந்தது. ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் ரிச்சர்ட் டிக்கின்சன் சோதனைக்குப் பொறுப்பு, ரெக்டென்னா பிரவுன் தரப்பிலிருந்து.

1975 ஜூன் 5. கிளிஸ்ட்ரான் என்ற மைக்ரோவேவ் குழாய் வைத்த டிரான்ஸ்மிட்டரிலிருந்து 2,388 மெகாஹெர்ட்ஸில் 450 கிலோவாட், 26 மீட்டர் டிஷ் வழியாக. 1.54 கிலோமீட்டர் தள்ளி ஒரு கோபுரத்தின் மேல் ரெக்டென்னா. டிஷ்களைச் சரிபார்ப்பதற்காகவே அங்கே நிற்கிற கோபுரம் அது. ரெக்டென்னாவின் அளவு 3.4 மீட்டருக்கு 7.2 மீட்டர், ஏறத்தாழ 24.5 சதுர மீட்டர், நம்மூர் கணக்கில் ஒரு பெரிய ஹால் அளவு. 17 பலகைகள், பலகைக்கு 270 என்று மொத்தம் 4,590 டையோடுகள். கற்றை வந்து விழுந்ததும் மறுமுனையில் இருந்த விளக்குகள் பளீரென்று எரிந்தன. 30 கிலோவாட்டுக்கு மேல் டிசி. ரெக்டென்னாவின் மேல் வந்து விழுந்த மைக்ரோவேவில் 82 சதவீதத்துக்கு மேல் டிசியாக வெளியே வந்தது.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். ஹெலிகாப்டரில் 4,480 டையோடு, 270 வாட். கோல்ட்ஸ்டோனில் 4,590 டையோடு, 30,000 வாட். டையோடு எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், சக்தி நூறு மடங்குக்கு மேல். பதினோரு வருடத்துக்குள் டையோடு ஒன்றுக்கு 60 மில்லிவாட் என்பது ஆறரை வாட் ஆகியிருக்கிறது. இது டையோடு மாறியதால் வந்தது. 1964-ல் இருந்தது கூர்முனைத் தொடு டையோடு, ஒரு மெல்லிய கம்பி நுனி செமிகண்டக்டர் மேல் குத்திக்கொண்டு நிற்கும், அந்த ஒரு புள்ளி வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும், வெப்பம் வெளியேறவும் வழி கிடையாது. 1975-ல் வந்தது காலியம் ஆர்சனைடு ஷாட்கி டையோடு. உலோகமும் செமிகண்டக்டரும் ஒரு பரப்பாகத் தொட்டுக்கொண்டிருக்கும், எதிர்ப்பு குறைவு, வெப்பம் நன்றாக இறங்கும். கம்பியில்லா மின்சாரத்தின் கதை விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவின் கோபுரத்தில் தொடங்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், உண்மையான திருப்பம் இந்த டையோடில்தான் இருக்கிறது. பிரவுனின் பெயரே பலருக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒரே ஒரு டையோடுக்குள்

ஒரு ஆன்டெனாவும் அதன் டையோடும் சேர்ந்த ஒரு செல்லை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 2,388 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது ஆறு சென்டிமீட்டர் சொச்சம், ஒரு டைபோல், அதாவது ஒரு குச்சி ஆன்டெனா. அலை வந்து தொட்டதும் அதில் மின்னழுத்தம் நொடிக்கு 238 கோடி தடவை முன்னும் பின்னும் ஆடும். டையோடு ஒரு பக்கத்து ஆட்டத்தை விடும், மறுபக்கத்தைத் தடுக்கும். அதற்குப் பின்னால் ஒரு கெபாசிட்டர், அதில் டிசி தேங்கும்.

கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இரண்டு திருட்டுகள் நடக்கும். முதலாவது, டையோடு திறந்து மூடும்போது அலையின் வடிவத்தை நசுக்குவதால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் புதிய அலைகள் பிறக்கின்றன. அவை டைபோல் வழியாகவே திரும்ப வானத்துக்குப் போய்விட்டால் சக்தி நஷ்டம், அக்கம்பக்கத்து ரேடியோ கருவிகளுக்கும் தொல்லை. அதனால் டைபோலுக்கும் டையோடுக்கும் நடுவில் ஒரு ஃபில்டர் வைப்பார்கள், வருகிற அலையை உள்ளே விடும், பிறக்கிற உபரி அலைகளை வெளியே போகவிடாமல் மறுபடி டையோடுக்கே தள்ளும். இந்த ஃபில்டர்தான் 82 சதவீதத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது திருட்டு டையோடே எடுத்துக்கொள்ளும் கூலி. டையோடு திறப்பதற்கு வோல்ட்டில் ஒரு சிறு பங்கை அது பிடித்துக்கொள்ளும், பத்தில் சில பங்கு வோல்ட். கோல்ட்ஸ்டோனில் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ எட்டு வாட் வந்து விழுந்திருக்கிறது. 50 ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் உச்ச மின்னழுத்தம் 28 வோல்ட் வரும். 28 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கு வலிக்கும்? இப்போது அதே 50 ஓமில் எட்டு வாட்டுக்குப் பதிலாக பத்து மைக்ரோவாட் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உச்ச மின்னழுத்தம் 0.03 வோல்ட். டையோடு கேட்கிற கூலியே அதைவிடப் பத்து மடங்கு. கதவே திறக்காது, அல்லது ஒரு ஓரமாகக் கசிகிற அளவுக்குத்தான் திறக்கும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "82 சதவீதம் மாற்ற முடியும் என்று நாசாவே நிரூபித்துவிட்டது, அப்புறம் ஏன் வைஃபையிலிருந்து எடுக்கக் கூடாது" என்கிறார்கள். 82 சதவீதம் என்பது ரெக்டென்னாவோடு ஒட்டிப் பிறந்த குணம் கிடையாது. அது செல்லுக்கு எட்டு வாட் வந்து விழுந்ததால் கிடைத்த எண். அலை மெலிய மெலிய சதவீதமும் சேர்ந்து மெலியும். பத்து மைக்ரோவாட்டில் நல்ல டையோடும் நல்ல வடிவமைப்பும் இருந்தால் பத்து இருபது சதவீதம் வரலாம், ஒரு மைக்ரோவாட்டுக்குக் கீழே போனால் ஒற்றை இலக்கம்.

மீதி 420 கிலோவாட் எங்கே போனது?

450 கிலோவாட் அனுப்பி 30 வாங்கினால் ஏழு சதவீதம்தானே. மீதி?

மாற்றத்தில் போனது கொஞ்சம்தான். 82 சதவீதத்தில் 30 கிலோவாட் வெளியே வந்திருந்தால் ரெக்டென்னாவின் மேல் விழுந்தது 37 கிலோவாட் அளவு. அதில் ஏழு கிலோவாட் வெப்பமாகவும் திரும்பிப் போன அலையாகவும் போயிருக்கிறது. மீதி 410 கிலோவாட்டுக்கு மேல் ரெக்டென்னாவைத் தொடவே இல்லை. கோபுரத்தைச் சுற்றிக் கடந்து பாலைவனத்துக்குள் போய்விட்டது. 26 மீட்டர் டிஷ்ஷின் பரப்பு 530 சதுர மீட்டர், ரெக்டென்னா அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றரை கிலோமீட்டரில் அந்தக் கற்றை டிஷ்ஷின் அகலத்தைவிட அதிகமாகச் சுருங்கிக் குவியப் போவதில்லை. அடைமழையில் ஒரு டம்ளரை நீட்டிப் பிடித்தது மாதிரி, டம்ளருக்குள் விழுந்ததில் ஐந்தில் நாலு பங்கைக் குடிக்க முடிந்தது, அவ்வளவுதான். சோதனையை நடத்தியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அவர்கள் நிரூபிக்க நினைத்தது ரெக்டென்னாவை. கற்றை முழுவதையும் பிடிப்பது அவர்கள் நோக்கமே இல்லை.

இது வெறும் சமாளிப்பு இல்லை என்பதற்கு அதே 1975-ல் ரேதியான் ஆய்வகத்துக்குள் நடந்த இன்னொரு சோதனையைச் சொல்ல வேண்டும். அங்கே தூரம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, அனுப்புகிற கொம்பு ஆன்டெனாவும் வாங்குகிற ரெக்டென்னாவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அளவெடுத்துச் செய்யப்பட்டவை. மேக்னட்ரானுக்குள் போன டிசியிலிருந்து கடைசியில் வெளியே வந்த டிசி வரை, மொத்தப் பயணத்துக்குமே 54 சதவீதம். சுமார் 495 வாட் கிடைத்தது. ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் தரச் சோதனையாளர்கள் பக்கத்தில் நின்று அளந்து சான்று கொடுத்தார்கள். அதே ஆட்கள், அதே தொழில்நுட்பம், அதே வருடம். ஒரு இடத்தில் பாதிக்கு மேல், ஒரு இடத்தில் பதினைந்தில் ஒன்று. வித்தியாசம் முழுக்க முழுக்கப் பரப்பிலும் தூரத்திலும்தான் இருக்கிறது.

ஆக, அலையை கரண்டாக மாற்றுவது 1975-லேயே முடிந்துபோன வேலை. அலையைச் சேகரிப்பதுதான் தீராத வேலை. இன்றும் அப்படித்தான்.

பீட்டர் கிளேசர் 1968-ல் முன்வைத்த விண்வெளிச் சூரிய மின்நிலையமும் இதே சுவரில்தான் மோதுகிறது. விண்வெளியில் சூரியத் தகடுகளை விரித்து, மைக்ரோவேவாக பூமிக்கு அனுப்புவது அவருடைய யோசனை. அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் 1970-களின் கடைசியில் உட்கார்ந்து விரிவாகப் போட்ட கணக்கில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா, கீழே 10 கிலோமீட்டருக்கு 13 கிலோமீட்டர் ரெக்டென்னா, வெளியே வருவது 5 ஜிகாவாட். அந்தப் பத்து கிலோமீட்டர் யாரும் ஆசைப்பட்டு வைத்ததில்லை. 12 சென்டிமீட்டர் அலையை ஒரு கிலோமீட்டர் ஆன்டெனாவிலிருந்து அனுப்பினால், அவ்வளவு தூரம் இறங்கி வரும்போது அது பத்துப் பதினோரு கிலோமீட்டர் வட்டமாக விரிந்தே தீரும். இயற்பியல் விதித்த அளவு அது, பேரம் பேச முடியாது. ஆன்டெனாவைச் சின்னதாக்கினால் தரையில் வட்டம் இன்னும் பெரிதாகும். சின்ன மாதிரி ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு பெரிதாக்கலாம் என்ற வழியே இதில் அடைபட்டுப் போகிறது. அந்தத் திட்டம் ஐம்பது வருடமாகக் காகிதத்தில் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சும்மா கிடக்கிற அலை

கோல்ட்ஸ்டோனில் ரெக்டென்னாவின் மேல் விழுந்தது சதுர மீட்டருக்கு 1,500 வாட் அளவு. உச்சிவெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட். அதாவது வெயிலைவிடக் கனமான மைக்ரோவேவ். ஆள் நிற்கக்கூடிய இடமல்ல அது.

இப்போது ஊருக்குள் வருவோம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நகரத்தின் 270 சுரங்க ரயில் நிலையங்களின் வாசலில் நின்று, காற்றில் எவ்வளவு அலைச்சக்தி இருக்கிறது என்று அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த அலைவரிசைகளில் சராசரியில் முன்னால் நின்றது 1800 மெகாஹெர்ட்ஸ் மொபைல் அலை, சதுர சென்டிமீட்டருக்கு 84 நானோவாட். சதுர மீட்டருக்கு மாற்றினால் 0.84 மில்லிவாட். டிவி அலை அதில் நூறில் ஒரு பங்குதான்.

இதை வைத்து ஒரு 9 வாட் எல்இடி பல்பை எரியவைக்கப் பார்ப்போம். தாராளமாக 30 சதவீதம் மாற்ற முடிகிறது என்றே வைத்துக்கொள்வோம், இவ்வளவு மெலிந்த அலையில் அது கிடைக்காது, இருந்தாலும் சும்மா கொடுப்போம். சதுர மீட்டருக்குக் கால் மில்லிவாட். 9 வாட்டுக்கு 36,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்பது ஏக்கர். ஒன்பது ஏக்கர் முழுக்க செம்பும் டையோடும் விரித்து ஒரு பல்பு. அதே இடத்தில் ஒரே ஒரு சதுர மீட்டர் சோலார் பேனலை மத்தியான வெயிலில் வைத்தால் 200 வாட். போன் சார்ஜ் போடலாமா என்றால், 5,000 மில்லிஆம்ப் பேட்டரி நிறைய ஒரு சதுர மீட்டர் தகட்டை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் போல உட்கார்ந்திருக்க வேண்டும்.

டவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தால்? சட்டம் விடாது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் மொபைல் டவர் அலைக்கு உலக வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. மக்கள் புழங்கும் இடத்தில் 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-ல் 0.9 வாட், அதற்கு மேல் போகக் கூடாது. உடம்புக்காக வைத்த வரம்பு, கரண்ட் எடுக்க நினைப்பவனுக்கும் அதுவே கூரை. இன்னும் அடிப்படையாக யோசித்தால், பழைய 2ஜி டவர் ஒன்றில் ஒரு கேரியருக்கு (ஒரு தனி அலைவரிசைக்கு) டிரான்ஸ்மிட்டர் தருவதே பொதுவாக 20 வாட்தான். அந்தக் கேரியரிலிருந்து வெளியே வருகிற மொத்த அலையையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் ஒரு சீலிங் ஃபேன் வேகமாகச் சுற்றாது. அப்படிப் பிடித்துவிட்டால் அந்தத் திசையில் யாருக்கும் சிக்னலும் இருக்காது.

ஆனால் இதை வைத்து எதுவுமே செய்ய முடியாது என்று யாராவது முடிவுக்கு வந்தால் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2009-ல் சியாட்டில் நகரில் அலன்சன் சாம்பிளும் ஜோஷுவா ஸ்மித்தும் ஒரு சாதாரண டிவி ஆன்டெனாவை பால்கனியில் வைத்து, 4.1 கிலோமீட்டர் தள்ளி இருந்த கிங்-டிவி கோபுரத்தை நோக்கித் திருப்பினார்கள். அந்தக் கோபுரத்தின் சக்தி 960 கிலோவாட், ஆன்டெனா குவித்துத் தருவதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. அவர்களுக்குக் கிடைத்தது 60 மைக்ரோவாட். ஒரு வாட்டின் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு. அதை வைத்து எல்சிடி திரையோடு இருக்கிற ஒரு சின்ன வெப்பநிலை, ஈரப்பத மானியை ஓடவைத்தார்கள். பேட்டரி இல்லாமல். இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கணக்குப் போட்டு, அந்த அளவுக்குள் ஓடக்கூடிய வேலையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 60 மைக்ரோவாட்டில் பல்பு எரியாது, வெப்பமானி ஓடும். கேள்வியை அந்தப் பக்கமிருந்து கேட்க வேண்டும்.

சுங்கச்சாவடியில் நாம் தினமும் பார்க்கிற ஃபாஸ்டேக்கும் இதே ஜாதிதான். காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. மேலே மாட்டியிருக்கிற ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் அலையை அனுப்புகிறது, ஸ்டிக்கரில் இருக்கிற மெல்லிய உலோக ஆன்டெனா அதில் கொஞ்சத்தைப் பிடித்து, சிப்புக்குள்ளேயே இருக்கிற ரெக்டிஃபையரில் டிசியாக்கி, அந்தக் கரண்டில் சிப் கண்விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. பதில் சொல்லவும் அது தனியாக அலை உண்டாக்குவதில்லை. தன் மேல் விழுகிற ரீடரின் அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது. மொத்த வேலைக்கும் பத்து இருபது மைக்ரோவாட் போதும். தூரம் சில மீட்டர், அனுப்புகிறவர் வேண்டுமென்றே இதை நோக்கி அனுப்புகிறார், வாங்குகிறவருக்குத் தேவை மிகக் கொஞ்சம். மூன்றும் சேர்ந்து அமைந்ததால் கோடிக்கணக்கான வண்டிகளில் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு

1987-ல் கனடாவின் ஒட்டாவாவில் 4.5 மீட்டர் இறக்கை கொண்ட ஒரு மாதிரி விமானத்தை மைக்ரோவேவிலேயே பறக்கவிட்டார்கள், ஷார்ப் என்று பெயர். ஜப்பானில் 2015-ல் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் 10 கிலோவாட் கற்றையை 500 மீட்டருக்கு அனுப்பி மறுமுனையில் எல்இடி விளக்குகளை எரியவைத்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 2021-ல் மேரிலாந்தில் 10 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 1.6 கிலோவாட் எடுத்தது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் விண்வெளிக்கு அனுப்பிய மேப்பிள் என்ற கருவி, சுற்றுப்பாதையிலிருந்து அனுப்பிய மைக்ரோவேவை பாசடீனாவில் ஒரு கட்டட மாடியில் உணர முடிந்தது. உணர முடிந்தது, அவ்வளவுதான், அதை வைத்து எதையும் ஓட்டவில்லை. மேப்பிளில் ரசிக்க வேண்டியது வேறொன்று: நிறைய சின்ன ஆன்டெனாக்களின் அலை ஆட்டத்தை எலெக்ட்ரானிக்ஸால் முன்பின் நகர்த்தி, எந்தப் பாகமும் அசையாமலேயே கற்றையை வேண்டிய பக்கம் திருப்பினார்கள். பிரவுன் வாங்குகிற பக்கத்தைத் துண்டு துண்டாக உடைத்து ஜெயித்தார், இவர்கள் அனுப்புகிற பக்கத்தை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேகரிக்கிற பிரச்சினைக்கு வழி திறந்தால் இந்தப் பக்கமிருந்துதான் திறக்கும் என்பது என் கணிப்பு.

கல்லூரி புராஜெக்டுக்கு இதை எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வைஃபை ரூட்டர் 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தள்ளி வைத்த சாதாரண டைபோலில் 20 மைக்ரோவாட் அளவு வரும், அதுவும் ரூட்டர் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் மட்டும், சும்மா இருக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். இதற்கு 1N4007 மாதிரியான பவர் சப்ளை டையோடை மாட்டினால் ஒன்றுமே வராது. எஸ்.எம்.எஸ்.7630 போல, பயாஸ் (வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தம்) இல்லாமலே குறைந்த மின்னழுத்தத்தில் திறக்கிற ஷாட்கி டையோடு வேண்டும், அதன் கால்கள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, இந்த அதிர்வெண்ணில் ஒரு சென்டிமீட்டர் கம்பிகூட ஒரு காயில் மாதிரி நடந்துகொள்ளும். பல்பை விட்டுவிட்டு மைக்ரோஆம்மீட்டரை மாட்டுங்கள். ரூட்டரில் பெரிய ஃபைலை டவுன்லோட் போட்டு, ஆன்டெனாவைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் திருப்பி, பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை நகர்த்தி முள் எங்கே நிற்கிறது என்று எழுதிவாருங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வருகிற அலைச்சக்தி கால்வாசியாகும், ஆனால் மீட்டர் காட்டுவது அதைவிட வேகமாகச் சரியும். அந்த உபரிச் சரிவு டையோடு கேட்கிற கூலியால் வருவது, அதை வரைபடமாகப் போட்டுக் காட்டினாலே நல்ல புராஜெக்ட் ஆகிவிடும்.